படிவத்தில் ஒரு பணக்காரி

என்னுடைய பிரியாவிடைத் தேநீர் வைபவத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி சொன்னேன், பிழை விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன், ரோல்ஸ் ஆறுகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிறகு, இந்த வருடம் சேவைக்கு வந்த செந்தூரி என்கிற பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், வறுமையை உண்மையா அளக்கேலுமோ?" என்று கேட்டாள். வாய்க்குள் ரோல்ஸ் இருந்தபடியால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய், மனிதர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. முதலில் சைக்கிளில் போனேன், பிறகு ஸ்கூட்டியில். கொழும்பில் இரண்டு கிழமை பயிற்சி தந்தார்கள். அதில் இப்போது நினைவில் இருப்பது மூன்று விதிகள். கேள்வியை எழுதியிருக்கிறபடியே கேள். பதிலைச் சொன்னபடியே எழுது. முகத்தில் ஒன்றையும் காட்டாதே. முதல் இரண்டும் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. மூன்றாவதில் ஓய்வு பெறும்வரை எனக்குப் பூரண தேர்ச்சி வரவில்லை.

சேவைக்கு வந்த முதல் வருடமே சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு வெங்காயக்காரர் வீடு எனக்கு விழுந்தது. காணி குத்தகை. அந்தப் போகம் வெங்காயம் அழுகிப் போய்விட்டது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். ஒரு கிழமைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று நாள்வாரியாக எழுத வேண்டும். திங்கள் முருங்கையிலை, செவ்வாய் முருங்கையிலை, புதன் முருங்கையிலையும் ஒரு முட்டையும். எங்கள் விதிப்படி, வீட்டில் விளைந்ததைத் தின்றால் அதன் சந்தை விலை அந்தக் குடும்பத்தின் வருமானம். நான் சுன்னாகம் சந்தைக்குப் போய் விலை கேட்டேன். அந்தக் கிழமை மழை. முருங்கையிலை விலை ஏறிக் கிடந்தது. கூட்டிப் பார்த்தபோது அந்தக் குடும்பம் வறுமைக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டது.

படிவத்தைப் பார்த்த என் மேலதிகாரி கணேசலிங்கம் சேர் பச்சைப் பேனையால் சரி போட்டார்.

வேறொன்றும் இல்லாதபடியால்தான் அவர்கள் அதைத் தின்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

"அது காரணம், பிள்ளை," என்றார் சேர். "நாங்கள் கேக்கிறது பெறுமதி."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அம்மா முருங்கையிலை வறை வைத்திருந்தார். ஒவ்வொரு பிடிக்கும் எங்கள் வருமானம் கூடிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பாதியில் கை கழுவிவிட்டேன்.

கணேசலிங்கம் சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னுடைய சேவைக் காலத்தின் பெரும்பகுதி அவருக்குக் கீழேதான் போனது. வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார். பொக்கற்றில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பேனைகள் இருக்கும். நீலத்தால் தன் குறிப்பை எழுதுவார், பச்சையால் ஏற்பார். சிவப்புத் தொட்டால், படிவத்தின் மேல் சின்னத் துண்டு ஒன்று ஒட்டி வரும்: "மீளச் செல்க." அவ்வளவுதான். ஏன் என்று எழுத மாட்டார். நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் எழுத்துத் தமிழில் பேசத் தொடங்குவார். கோபம் கூடக் கூட இலக்கணமும் கூடும். ஒருமுறை நான் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிட்டேன். "தாங்கள் இப்பக்கத்தைப் பூரணப்படுத்தாது சமர்ப்பித்தமைக்கான காரணத்தை அறியத் தருவீர்களா?" என்று கேட்டார். நான் வெளியே போய் அழுதேன். பிறகு பன்னிரண்டே காலுக்கு, வழக்கமாகச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிற நேரத்துக்கு, அதில் இருந்த பொரித்த மிளகாயில் பாதியை எனக்கு அனுப்பினார். அது மன்னிப்பா தண்டனையா என்று இன்றுவரை தெரியாது.

'ஏழை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கோட்டுக்குக் கீழே, கோட்டுக்கு மேலே என்றுதான் சொல்வார். பையில் எந்நேரமும் ஒரு இரும்பு அளவு நாடா இருக்கும். வீட்டுக்காரர் 'பெரிய அறை' என்று சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் அது அறை அல்ல, அபிப்பிராயம் என்பார்.

நெல்லியடியில் ஒரு ஐயா எனக்குப் பெரிய சிக்கல் தந்தார். மாடி வீடு. மூன்று பிள்ளைகளும் மூன்று வெளிநாட்டில். வருமானம் என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். பிள்ளைகள் மாதா மாதம் அனுப்புவது இருக்கிறதே என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது வருமானம் இல்லைத் தங்கச்சி. அது பாசம். அப்பிடியே எழுதுங்கோ."

சொன்னபடி எழுது என்பது விதி. நானும் வருமான மூலம் என்ற இடத்தில் 'பாசம்' என்று எழுதி, பக்கத்தில் தொகையையும் எழுதிக் கொடுத்தேன். சேர் என்னைக் கூப்பிட்டார். இலக்கணத்தோடு பேசப் போகிறார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கோபமாக இல்லை. குறியீட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பாசத்துக்குக் குறியீடு இல்லை. 'ஏனையவை'க்குள்ளை போடுவம்," என்றார். அந்த வருடம் எங்கள் பிரிவில் 'ஏனையவை' வழியாக வந்த வருமானம் ஏன் இவ்வளவு கூடியது என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டுக் கேட்டது. சேர் ஒரு வரியில் பதில் அனுப்பினார்: "உறவினரின் இயல்பு காரணமாக."

இதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடிய விஷயங்கள். புவனத்தின் படிவம் அப்படிப்பட்டதல்ல.

சாமான்களின் விலை ஏறி, சனம் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட காலத்துக்குப் பிறகு, நிவாரணத்துக்கு ஆட்களைத் தெரிய ஒரு கணக்கெடுப்பு வந்தது. வருமானத்தைக் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்வதில்லை என்று, இந்த முறை வீட்டைப் பார்த்துப் புள்ளி போடச் சொன்னார்கள். நிலம் சீமெந்தா, ரைல்ஸா. எத்தனை அறை. மாதம் எவ்வளவு மின்சாரம் போகிறது. குளிர்சாதனப் பெட்டி, வாகனம் உண்டா. எனக்கு அரியாலைப் பகுதி தரப்பட்டது. படிவத்துக்குப் பதிலாகக் கையில் ஒரு ரப், கொப்பி அளவு தொடுதிரைக் கணினி, தந்தார்கள். விடையைத் தொட்டால் அதுவே கூட்டிக்கொள்ளும்.

விண்ணப்பதாரரின் பெயர் புவனேஸ்வரி, எல்லோருக்கும் புவனம். முகவரியைத் தேடிப் போய், பிழையான இடம் என்று நினைத்து ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டேன். இரண்டு மாடி, முன்னுக்குச் சிங்க முகம் வைத்த இரும்புக் கேற், உள்ளே சீலை போட்டு மூடிய ஒரு கார். கேற்றைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கையில் நண்டு மணம்.

புவனம் வடமராட்சிக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். கணவனும் கடலுக்குப் போனவர்தான், வருத்தம் வந்து படுக்கையில் கிடந்து இறந்துவிட்டார். உயர்தரம் படிக்கிற ஒரு மகள், பெயர் துளசி. வீடு கனடாவில் இருக்கிற பரமநாதன் என்பவருடையது. அவருக்கு வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும், இவளுக்கு இருக்க இடம் வேண்டும். சம்பளம் கிடையாது. கிழமையில் மூன்று நாள் கடல்நீரேரிக் கரையில் மீன் வாங்கி விற்கிற வாடியில் நண்டு சுத்தம் பண்ணி உழைக்கிறாள். மகளின் ரியூஷனை நிறுத்தி ஒரு மாதம்.

நான் கேள்விகளைக் கேட்டேன். நிலம்: ரைல்ஸ். அறை: ஏழு. குளிர்சாதனப் பெட்டி: உண்டு, ஆனால் பூட்டியிருக்கிறது. ரப்பில் 'பூட்டியிருக்கிறது' என்று ஒரு விடை இல்லை. வாகனம்: உண்டு, ஓடாது. 'ஓடாது' என்பதும் இல்லை. மின்சாரம்: வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு விளக்கு, நாலு கமரா. பின்னேரம் ஆறு மணிக்கு விளக்குகளைக் கனடாவிலிருந்து பரமநாதன் தன் போனில் போடுவார். பில்லும் அவரே கட்டுகிறார். ஆனால் யார் கட்டுவது என்று படிவம் கேட்கவில்லை, எவ்வளவு போகிறது என்றுதான் கேட்டது.

நான் பார்த்தபடியே தொட்டேன். வேறு என்ன செய்வது?

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. கிராம அலுவலர், எங்கள் பேச்சில் விதானையார், அவருடைய அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள், அதிகம் வறியவர் முதலில் வருகிறபடி. மாமியாரின் பெயரில் லொறி வைத்திருந்த ஒருவர் முதல் பக்கத்தில் இருந்தார். புவனத்தின் பெயர் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் இருந்தது. அவளுக்குக் கீழே விதானையாரின் முத்திரை மட்டும்தான்.

அடுத்த நாள் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கதிரையில் உட்காராமல் நின்றபடி கேட்டாள்.

"மிஸ், நான் எவ்வளவு பெரிய பணக்காரி எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. மகள் கேக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு ரவுனிலை புடைவைக் கடைக்குப் போறன் எண்டு நிக்கிறாள்."

மேன்முறையீடு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். சேர் அதை வாசித்தார். சிவப்புப் பேனை வெளியே வந்தது. மீளச் செல்க.

இரண்டாம் முறை போனபோது, முன் விறாந்தையில் கால் வைத்ததும் கூரைப் பக்கமாக ஒரு குரல் வந்தது.

"ஆர் உது? செருப்பை வெளியிலை விடச் சொல்லு, புவனம்."

கமராவுக்குள் ஒலிபெருக்கியும் இருந்தது. பரமநாதன் அங்கே வேலை முடிந்து வந்து கதைக்கிறார் என்று புவனம் சொன்னாள். நான் அண்ணாந்து பார்த்து என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மின்சாரம்தான் இவளுடைய பெரிய தடை, பன்னிரண்டு விளக்கில் பத்தை நிறுத்தினால் அடுத்த கணக்கெடுப்பில் புள்ளி மாறும் என்று விளக்கினேன். அவர் மாட்டேன் என்றார். விளக்கு எரியாவிட்டால் ஊர் தன்னை நொடிந்து போனான் என்று சொல்லும் என்றார். ரைல்ஸைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை செய்தார். நான் மேலே பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். புவனமும் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் இருந்து யாராவது பார்த்திருந்தால் கும்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

எல்லா விடையும் பழையபடிதான் வந்தது. மறுபடியும் சிவப்புத் துண்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. சேரிடம் போய், நான் எத்தனை தரம் போனாலும் அந்த வீட்டில் ஏழு அறைதான் இருக்கும் என்றேன். துளசி ஒரு கிழமையாகப் புடைவைக் கடையில் நிற்கிறாள் என்றும் சொன்னேன். அவர் நீலப் பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்தார். அளவு நாடா பையில் இருக்கிறதா என்று பார்த்தார். "வாங்கோ," என்றார்.

அவர் வெளிவேலைக்கு வந்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே காலுறையைச் சுருட்டி வைத்தார். முன்னறையை அளந்தார். நாடாவின் மற்ற முனையை நான் பிடித்தேன். அடுத்த அறைக்குப் போனார், கதவு பூட்டு. அதற்கடுத்ததும் பூட்டு. மாடிக்குப் போகும் படிக்கட்டில் ஒரு கம்பிக் கதவு, அதுவும் பூட்டு. திறப்புகள் எங்கே என்று கேட்டார். ரவுனில் இருக்கிற பரமநாதனின் தங்கையிடம் என்றாள் புவனம். முன்னறையில் இருக்கலாமா என்று கேட்டார். கூட்டலாம், துடைக்கலாம், இருக்க முடியாது என்றாள்.

அப்போது கூரையிலிருந்து குரல் வந்தது. நாடாவால் ரைல்ஸில் கீறல் விழும் என்றது. சேர் நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்.

"ஐயா, இது அரச கடமை. அது நிறைவுறும் வரை தாங்கள் மௌனம் காக்க வேண்டுமெனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

குரல் நின்றுவிட்டது. கனடாவிலும் அந்த இலக்கணம் வேலை செய்தது.

சேர் அடுப்பு இருந்த குசினிக்குப் போனார். குசினிக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான நடை, அதன் சுவரோடு சுருட்டி வைத்த ஒரு பாய், துளசியின் புத்தகங்கள் அடுக்கிய ஒரு பெட்டி. எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். புவனம் பாயைக் காட்டினாள். விரிக்கச் சொன்னார். விரித்தாள். அவர் குந்தியிருந்து, நீளம் ஆறடி, அகலம் மூன்றடி என்று அளந்தார். நான் எழுதினேன்.

"ரெண்டு பேரும் இதிலையோ?"

"ஓம் சேர். ஒரு பக்கமா ஒருச்சரிச்சுப் படுத்தால் இடம் காணும்."

அவர் எழும்பவில்லை. குந்தியிருந்தபடியே கணக்குப் பண்ணினார். அனுபவிக்கும் நிலப்பரப்பு: பதினெட்டுச் சதுர அடி. அதன் கீழ் பச்சைப் பேனையால் கோடு போட்டார்.

நாங்கள் திரும்பி முன்னறைக்கு வந்தபோது குரல் மறுபடியும் வந்தது, இந்த முறை மெல்லமாக. பின் நடையில் கமரா இல்லை. ஆனால் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"சேர், அவையள் நிலத்திலையோ படுக்கினம்? எனக்குத் தெரியாது. நானும் இஞ்சை ஒரு பேஸ்மென்றிலை நிலத்திலைதான் படுக்கிறன். ஜன்னலும் இல்லை. அந்த வீட்டிலை நான் மொத்தம் ஒன்பது நாள்தான் இருந்தனான்."

சேர் சப்பாத்துப் போடுவதை நிறுத்தினார். நிமிர்ந்து கமராவைப் பார்த்து, "தங்கள் வதிவிடம் எமது எல்லைக்கு அப்பாற்பட்டது, ஐயா," என்றார். அதில் கோபம் இருக்கவில்லை.

அலுவலகத்தில் பதினெட்டை ரப்பில் பரப்பளவு என்ற இடத்தில் இட்டோம். அது ஏற்கவில்லை. இவ்வளவு சின்ன வீடு இருக்க முடியாது, சரிபார்க்கவும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. சேர் தன்னுடைய வாழ்நாளில் முதன்முறையாகத் தன் மேல் சிவப்பு விழுந்ததைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு மூன்று பக்கத்தில் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. ஒரே ஒரு கேள்வி: "மேற்படி பாயின் உரிமையாளர் யார்?"

நான் சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை. என்னை அரியாலைக்கு அனுப்பினார். பாய் யாருடையது என்று புவனத்திடம் கேட்டேன். தன்னுடையது, ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றாள். அதை ஒரு வாக்குமூலமாக எழுதி, கையெழுத்து வாங்கி, விதானையாரிடம் உறுதிப்படுத்திக்கொண்டு வந்து கொடுத்தேன். சேர் அனுப்பினார். அடுத்த மாதம் புவனத்தின் பெயர் நிவாரணம் பெறுவோரில் சேர்க்கப்பட்டது. துளசி அதற்குள் மூன்று மாதப் பாடத்தை விட்டிருந்தாள். புடைவைக் கடையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய், பக்கத்து மேசைப் பிள்ளையின் கொப்பிகளைப் பார்த்து எழுதிப் படித்தாள். அந்த ஆண்டுக் கடைசியில் சேர் ஓய்வு பெற்றுக்கொண்டு போனார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போன வீடும் அதுதான். நிவாரணம் பெறுகிறவர்களை மீளாய்வு செய்யச் சொல்லி வந்தது. போனபோது முன்னறையில் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மெலிந்த மனிதர், முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும்தான் அடையாளம் தெரிந்தது. முழங்கால் போய்விட்டது, வேலையும் போய்விட்டது, வந்துவிட்டேன் என்றார் பரமநாதன். அறைகள் எல்லாம் திறந்து கிடந்தன. விளக்கில் இரண்டுதான் எரிகிறதாம். மின்கட்டணம் இங்கே வந்து பார்த்தால்தான் தெரிகிறது என்றார்.

மீளாய்வில் ஒரு கேள்வி உண்டு. கடந்த ஒரு வருடத்தில் இந்தக் குடும்பத்தில் புதிதாக யாரும் சேர்ந்தார்களா? எங்கள் விதிப்படி, ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். சொந்தமா, அந்நியமா என்பது கணக்கில் இல்லை. பரமநாதன் சேர்ந்தால், வீடும் காரும் சேரும். புவனம் மறுபடியும் கடைசி வரிக்குப் போவாள். துளசி பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள்.

கேள்வியை எழுதியிருக்கிறபடியே கேட்டேன். புவனம் நிலத்தைப் பார்த்தாள். குசினியில் ஒரு பானையில் சோறு கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நான் தனியச் சமைக்கிறன், மிஸ்," என்றார் பரமநாதன்.

எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியது என் கடமை. கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேசையில் கனடாவிலிருந்து கொண்டுவந்த, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற மின்சாரக் கேத்தில் ஒன்று இருந்தது. இன்னும் ஒட்டுத்தாள் கிழிக்காதது.

"உதிலைதான்."

"இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?"

அவர் கேத்திலைத் திரும்பிப் பார்த்தார். "சோறு," என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை, அவரும் நானும். தனி உலை: ஆம். புதிய அங்கத்தவர்: இல்லை. இரண்டையும் தொட்டேன். ரப் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

எழும்பப் போனபோது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் புவனம். கணக்கெடுக்கிற வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது விதி. நான் கணக்கெடுத்து முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நாலு தட்டு வைத்து அந்த ஒரே பானையிலிருந்து சோறு போட்டாள். நண்டுக் கறி. பரமநாதன் நண்டுக்காலின் கோதை உடைக்கத் தெரியாமல் திண்டாடினார். துளசி வாங்கி உடைத்துக் கொடுத்தாள்.